அண்டை வீட்டின் விலை

கரிசற்காட்டில் பிறந்தவர்க்கு நிலத்தின் விலை என்பது மழையைப் பொறுத்தது. அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடைப்பட்ட வானம் பார்த்த பூமியில், குண்டாற்றில் தண்ணீர் கண்ட ஆண்டுக்கு ஒரு விலை, காணாத ஆண்டுக்கு வேறொரு விலை என்றே எங்கள் முன்னோர் பேசிப் பழகினர். மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலை எங்கள் ஊரைத் தொட்டுச் சென்றபின் அந்தப் பேச்சு மாறிற்று. பருத்தியும் சோளமும் விளைந்த புஞ்சைகளில் வண்ணம் பூசிய எல்லைக்கற்கள் முளைத்தன. நிலத்தில் என்ன விளையும் என்று கேட்பாரில்லை; சாலைக்கு எவ்வளவு தூரம் என்பதே கேள்வியாயிற்று.

எனினும் எங்கள் தெருவில் இதனால் வீடிழந்தவர் எவருமில்லை. மழை பொய்த்து முன்னரே ஊரைவிட்டுச் சென்றவர்களைத்தான் நிலத்தின் விலை வேறோர் இடத்தில் துரத்திப் பிடித்திருக்கிறது. சென்னைக்குத் தெற்கேயுள்ள துரைப்பாக்கத்தில் அதனை நான் கண்ணாரக் கண்டேன்.

என் மனைவியின் தம்பி, திருச்சுழிப் பக்கமிருந்த தம் பங்குப் புஞ்சையை விற்று, 1990களில் அங்கே ஒரு மனை வாங்கி வீடு கட்டியவர். அப்போது அது ஊராட்சி. பின்புறம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம், மாலையானால் கொசு, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. "அருப்புக்கோட்டையில் தண்ணீர் இல்லாமல் வந்தவனுக்கு இங்கே தண்ணீருக்குள் வீடு" என்று உறவினர் அவரைக் கேலி செய்ததுண்டு. 2000ஆம் ஆண்டில் தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது. பழைய மாமல்லபுரம் சாலை அகலப்பட்டது. 2011இல் துரைப்பாக்கம் மாநகராட்சியோடு இணைந்தது. இப்போது மெட்ரோ ரயிலுக்கான தூண்களும் எழுந்துவிட்டன. இதிலொரு வேடிக்கை உண்டு. நகரின் நடுவே குடிசைகளில் வாழ்ந்தவர்களை 2000ஆம் ஆண்டு முதற்கொண்டு கொணர்ந்து குடியேற்றிய கண்ணகி நகரும் இதே துரைப்பாக்கத்தில்தான் இருக்கிறது. ஏழைகளைத் தள்ளிவிடுவதற்கென்று அன்று தேர்ந்தெடுத்த இடமே, இன்று ஏழைகள் தங்க முடியாத இடமாகிக்கொண்டு வருகிறது.

இவ்வாறு ஒரு பகுதியில் வசதியுள்ளோர் வந்து சேர, வாடகை ஏற, பழங்குடிகள் சந்தடியின்றி வெளியேறுவதற்கு ஆங்கிலேயர் 'ஜென்ட்ரிஃபிகேஷன்' என்று பெயரிட்டுள்ளனர். ரூத் கிளாஸ் என்ற சமூகவியல் அறிஞர், லண்டனின் தொழிலாளர் குடியிருப்புகள் கைமாறுவதைக் கண்டு 1964இல் ஆக்கிய சொல் அது. தமிழில் ஒரு சொல் காண முயன்றேன். நாவுக்கு இசைந்ததாக ஒன்றும் கிட்டவில்லை. 'ஊர் உயர்கிறது, ஆள் மாறுகிறது' என்று துரைப்பாக்கத்துத் தையற்காரர் சொன்னதே எனக்குப் போதுமானதாயிருக்கிறது.

அந்தத் தையற்காரர் எங்கள் திருச்சுழிப் பக்கத்துப் பிள்ளை. மைத்துனர் வீட்டின் கீழ்த்தளத்தில் முன்னறையில் தையற்பொறி, பின்னறைகளில் மனைவி மக்கள் என்று 18 ஆண்டுகளாகக் குடியிருப்பவர். பழைய வீட்டை இடித்து அடுக்குமாடி எழுப்புவதென ஒரு கட்டுநருடன் மைத்துனர் பேச்சு நடத்திக்கொண்டிருந்த வேளையில்தான் நான் அங்கே சென்றிருந்தேன். இஷாத் தொழுகைக்குப் பின் வாசற்படியில் நாள்தோறும் ஒரு சபை கூடிற்று.

மைத்துனரின் வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. "மச்சான், கொசுக்கடியில் இருந்தவன் நான். வெள்ளம் வந்த 2015இல் முழங்கால் தண்ணீரில் நின்றவன் நான். 2022இல் சொத்துவரியை ஏற்றினார்கள், கட்டியவன் நான். இன்று விலை வந்திருக்கிறது. இரண்டு பெண்களைக் கரையேற்ற வேண்டும். இதை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன வசதி இருக்கிறது?" என்றார். எதிர் மனையில் மளிகைக் கடை வைத்திருப்பவர், புதியவர்கள் வந்தால் வியாபாரம் பெருகும் என்று நம்பி ஏமாந்த கதையைச் சொன்னார். வந்தவர்கள் கைபேசியில் சாமான் வரவழைத்துக் கொள்கிறார்களாம். கடைக்கு வருவது அவசரத்துக்கு வேண்டிய பால் ஒன்றுக்குத்தானாம். மாடியில் வாடகைக்கு இருந்த கணினித் துறைப் பெண்மணி பொறுமையாகக் கேட்டிருந்துவிட்டு, "எங்களைப் பார்த்து எல்லாரும் பேசுகிறீர்கள். எங்கள் சம்பளம் என்னவென்று விசாரித்துத்தானே எங்களுக்கு வாடகை சொல்கிறார்கள்? நாங்களும் அடுத்த ஆண்டு இங்கே இருப்போமா என்பது தெரியாது" என்றார். அவர் சொன்னதும் நியாயமே. தையற்காரர் மட்டும் அதிகம் பேசவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பி, "ஹஜ்ரத், கிதாபுகளில் இதற்கு வழி ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டார்.

வழி இருக்கிறது, ஆனால் அவருக்கில்லை. ஃபிக்ஹு நூல்களில் 'ஷுஃப்ஆ' என்றொரு பாடம் உண்டு. ஒருவர் தம் வீட்டையோ நிலத்தையோ விற்கும்போது அயலானுக்குப் போகுமுன் அதனை வாங்கிக்கொள்ளும் முன்னுரிமை அது. ஷாஃபிஈ மத்ஹபில் அந்தச் சொத்தின் கூட்டாளிக்கு மட்டுமே அவ்வுரிமை. எங்கள் பகுதியார் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபிலோ முதலில் கூட்டாளி, அடுத்துப் பாதையையும் நீரையும் பொதுவில் உடையவர், அதன்பின் சுவரை ஒட்டிய அண்டை வீட்டார் என வரிசை நீள்கிறது. ஆனால் வாடகைக்காரர் எந்த வரிசையிலும் இல்லை. வரிசையில் இருப்பவரும் அயலான் தரும் அதே விலையைத் தந்தாக வேண்டும்.

நம் நாட்டு நீதிமன்றங்கள் இந்த அளவுக்கும் இடம் வைக்கவில்லை. 1870இலேயே சென்னை உயர்நீதிமன்றம் இம்மாகாணத்து முஸ்லிம்களுக்கு ஷுஃப்ஆவை ஏற்க மறுத்துவிட்டது. மலபாரில் வழக்காறாக நிலவியதற்கு மட்டுமே விலக்கு. அண்டை வீட்டார் என்பதால் மட்டும் முன்னுரிமை கோருவது, சொத்து வாங்கவும் விற்கவும் குடிமக்களுக்குள்ள உரிமைக்கு மாறானது என்று 1962இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. வாடகைக்காரருக்கு ஓரளவு துணைநின்ற 1960ஆம் ஆண்டுச் சட்டமும் போய்விட்டது. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டப்படி எழுத்தில் உள்ள ஒப்பந்தமே எல்லாம். தையற்காரரிடம் எழுத்தில் ஒன்றும் இல்லை. பதினெட்டு ஆண்டுகளும் வாய்ச்சொல்லில் கழிந்திருந்தன.

இதனால் என்ன நேரும் என்பதற்கு நம்மவர்கள் வெகு தொலைவு தேட வேண்டியதில்லை. பினாங்கிலே ஜார்ஜ் டவுனில், 1801இல் தோன்றிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலைச் சுற்றித் தமிழ் முஸ்லிம்கள் கீழே கடையும் மேலே குடியுமாக வாழ்ந்ததை நம் குடும்பங்களில் பலரும் கேட்டறிந்திருப்பர். அங்கே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 முடிவோடு காலாவதியாயிற்று. பன்மடங்கு ஏறிய வாடகையைத் தாங்காமல் பழைய குடிகள் பலர் வெளியேறினர். 2008இல் யுனெஸ்கோ அந்நகரை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பழைய வீடுகள் இன்று விடுதிகளாகவும் காப்பிக் கடைகளாகவும் பொலிவோடு நிற்கின்றன. சுவர்கள் காப்பாற்றப்பட்டன. சுவர்களுக்குள் வாழ்ந்தவர்களைக் காப்பது எந்தப் பட்டியலிலும் சேரவில்லை.

நான் அன்றிரவு சபையில் சட்டத்தை விட்டுவிட்டு, ஸஹீஹுல் புகாரியில் ஷுஃப்ஆ பாடத்தில் வரும் ஒரு நிகழ்ச்சியைச் சொன்னேன். பெருமானார் (ஸல்) அவர்களால் உரிமை விடப்பட்ட அபூ ராஃபிஉ (ரலி) அவர்களுக்கு ஸஅத் (ரலி) அவர்களுடைய மனைக்குள் இரண்டு அறைகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளுமாறு ஸஅத் அவர்களிடமே சென்று கேட்டார். ஸஅதோ நாலாயிரம் திர்ஹத்துக்கு மேல் தர இயலாது, அதனையும் தவணையில்தான் தருவேன் என்றார். வெளியார் ஒருவர் ஐந்நூறு தீனார் தருவதாகச் சொல்லியிருந்தார். அக்கால மாற்றில் அது ஐயாயிரம் திர்ஹத்துக்குக் குறையாது. அண்டை வீட்டாருக்கு அருகாமையினாலேயே உரிமை உண்டென நபியவர்கள் கூறக் கேட்டிராவிடில் இவ்விலைக்குத் தந்திருக்க மாட்டேன் என்று சொல்லி, அபூ ராஃபிஉ குறைந்த விலைக்கே கொடுத்துவிட்டார்.

இதில் நம் கவனத்துக்குரியது ஒன்று உண்டு. விலையைக் குறைக்கும்படி ஷுஃப்ஆச் சட்டம் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. அந்த ஆயிரம் திர்ஹமும் தவணையின் காத்திருப்பும் அவர் தாமாகவே விட்டுக்கொடுத்தவை.

மைத்துனர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பிறகு, "முழுவதையும் விட என்னால் ஆகாது மச்சான்" என்றார். முழுவதையும் விடும்படி அபூ ராஃபிஉ அவர்களையும் யாரும் கேட்கவில்லையே என்றேன்.

மூன்று நாட்கள் கணக்குப் பார்த்தார். புதிய கட்டடத்தில் அவர் பங்குக்கு வரும் பகுதியில், மாடிப்படியை ஒட்டிக் கீழே ஒரு சிறிய அறை வருகிறது. அதனைப் பழைய வாடகைக்கே மூன்றாண்டுகளுக்குத் தையற்காரருக்கு விடுவதாக ஒப்புக்கொண்டார். அதனை எழுத்தில் வடித்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று நான் வற்புறுத்தியபோது மட்டும் சற்றே முகம் சுளித்தார். உறவுக்குள் எழுத்தா என்பது அவருடைய வருத்தம். பதிவு நடந்தது.

குடியிருப்புக்கு வழி பிறக்கவில்லை. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தெற்கே, தையூரில் தையற்காரர் வீடு பார்த்திருக்கிறார். கட்டடம் முடியும்வரை அங்கேயே வீட்டில் வைத்துத் தைப்பாராம். பின்னர் நாள்தோறும் பேருந்தில் துரைப்பாக்கம் வருவாராம். பிள்ளைகளைப் பள்ளி மாற்றுவதா, விடியலில் எழுப்பிப் பழைய பள்ளிக்கே அனுப்புவதா என்பதை நான் புறப்படும்வரை அவரும் அவர் மனைவியும் முடிவு செய்யவில்லை. தையூரிலும் சாலையோர மனைகளில் வண்ணக் கற்கள் நட்டிருக்கின்றன என்று சொல்லிச் சிரித்தார்.