சோறு உக்கும், பை உக்குமா?

குப்பையைப் பற்றி எழுதப் புகுந்தால் வாசிப்போரிற் சிலர் முகஞ்சுளிப்பர். ஆயினும், படித்து முடித்த பத்திரிகைக்கு வீட்டில் இன்னுமொரு பணி உண்டு என்பதை அப்பத்திரிகையிலேயே எழுதுவது பொருத்தமற்ற செயலன்று.

எங்கள் தெருவிலே குப்பையைத் தரம் பிரிக்கும் பழக்கம் ஓரளவு வேரூன்றிவிட்டது. சோறு, காய்கறித் தோல், பிழிந்த தேங்காய்ப்பூ, தேயிலைச் சக்கை ஆகியவற்றை வேறாக வைக்கின்றனர். வைத்து என்ன? அவ்வளவையும் ஒரு பொலித்தீன் பையிலே திணித்து, வாயை இறுக முடிச்சிட்டுக் கொடுக்கின்றனர். வண்டியோடு வரும் முதிய தொழிலாளி ஒருநாள் அயல்வீட்டு அம்மையாரிடம், "சோறு உக்கும் அம்மா, பை உக்குமா?" என்று கேட்டார். அதிற் கோபமில்லை, களைப்பே இருந்தது. கூட்டெருவாக்கும் இடத்தில் ஒவ்வொரு முடிச்சையும் எவரேனும் கையால் அவிழ்க்க வேண்டும். அல்லது கிழிக்க வேண்டும். உள்ளே உடைந்த கண்ணாடியோ சவர அலகோ இருப்பது கை பட்ட பின்னரே தெரியும். கிழிந்த பையின் துணுக்குகள் பசளையோடு கலந்தால் அப்பசளையை எந்தத் தோட்டக்காரர் விரும்பி வாங்குவார்?

கண்டி நகரின் அமைப்பும் இதிற் கவனிக்கத்தக்கது. சுற்றிலும் மலை, நடுவிலே வாவி. வாவியிலிருந்து புறப்படும் மெத எல என்னும் கால்வாய் நகரூடாக ஓடி மகாவலியைச் சேர்கிறது. தெருவில் வீசும் பை பெருமழையில் அக்கால்வாயை அடைக்கும். அடைபடாதது ஆற்றுக்குப் போகும். நகரத்துக் குப்பை நெடுங்காலமாகக் கொட்டப்பட்டு வந்த கொஹாகொடையோ அந்த ஆற்றங்கரையிலேயே உள்ளது. ஈரக் கழிவு குவிந்து அழுகினால் அதன் கசிவு சரிவு வழியே எங்கே செல்லும் என்று விளக்க வேண்டியதில்லை. சற்றுக் கீழே பொல்கொல்லையில், 1976 முதல் மகாவலி நீரின் ஒரு பகுதி சுரங்கவழியே வடக்கேயுள்ள வரண்ட பிரதேச வயல்களுக்குத் திருப்பப்படுகிறது. நம் அடுக்களைக்கும் எங்கோ இருக்கும் உழவரின் வரப்புக்கும் உறவு உண்டு!

குப்பை மேடு ஆளையே விழுங்கும் என்பதை 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று, கொழும்பு மீதொட்டமுல்லையிற் கண்டோம். மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவ்வாண்டு செப்டெம்பர் முதலாம் திகதியிலிருந்து 20 மைக்ரோனுக்குக் குறைந்த பொலித்தீன் பைகளும் சோறு கட்டும் தாள்களும் தடைசெய்யப்பட்டன. நல்ல சட்டந்தான். ஆனால் அதைவிடத் தடித்த பை கடையில் தொங்கியபடியே இருந்தது.

"உக்கும் பை" என்று அச்சிட்டு விற்பனவற்றையும் ஆராயாமல் நம்பலாகாது. சிலவகைப் பைகள் வெயிலிற் பொடியாகுமேயன்றி மண்ணோடு மண்ணாகா. அத்தகைய பிளாஸ்டிக் பண்டங்களை ஐரோப்பிய ஒன்றியம் 2021 முதல் விலக்கியது. சோள மாவிலிருந்து செய்யும் நல்ல பைகள் உண்மையிலேயே உக்கும். ஆயினும் அவற்றிற் பலவற்றுக்குப் பெரிய கூட்டெருக் குவியலில் எழும் வெப்பம் தேவை. கொல்லையிலுள்ள சிறு குவியலில் அவ்வெப்பம் எளிதில் எழாது. 2012இல் மிலான் நகரம் வீட்டு உணவுக் கழிவை வேறாகச் சேர்க்கத் தொடங்கியபோது இத்தகைய பைகளையே கைக்கொண்டது. சுவீடனின் பல நகரங்களிலோ பழுப்புக் கடதாசிப் பையே வழக்கம். அதைக் காற்றோட்டமுள்ள கூட்டில் நிறுத்திவைப்பார்கள். ஈரம் கடதாசியூடாக ஆவியாகிவிடும்.

கடதாசி நமக்குப் புதிதா? மளிகைக் கடையிற் சீனியும் பருப்பும் சரையாகச் சுற்றித் தந்த காலத்தை மூத்தோர் மறந்திரார். வாழைச்சேனை ஆலையில் வைக்கோலிலிருந்து கடதாசி செய்த நாடு இது. இன்னொரு நன்மையும் உண்டு. அடுக்களைக் கழிவில் நைதரசன் மிகுதி. கடதாசியிற் காபன் மிகுதி. குவியல் நன்கு உக்குவதற்கு நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் ஏறத்தாழ 30 பங்கு வேண்டும் என்பர். எனவே கடதாசிப் பை கழிவைச் சுமப்பதோடு நில்லாது, கழிவுக்கு உணவாகவும் அமைகிறது.

"மழை பெய்தால்?" என்று கேட்பீர்கள். கண்டியில் இது நியாயமான கேள்வி. எங்கள் வீட்டில் கறிச் சாற்றை முதலில் வடித்துவிடுகிறோம். வாளியின் அடியில் ஒரு பிடி உலர்ந்த சருகு. அதன்மேல் இரண்டு மூன்று பத்திரிகைத் தாள்களை மடித்துச் செய்த பை. ஒட்டுவதற்குக் கோதுமை மாப்பசை போதும். கம்பியும் ஒட்டுநாடாவும் கூடா. பளபளப்பான வர்ணத் தாளையும் விலக்க வேண்டும். நிரம்பியதும் வாயை மடித்து, மூடியுள்ள வாளியோடே வாசலுக்குக் கொண்டுபோய், வண்டியிற் பையை மட்டும் சேர்த்துவிட்டு வாளியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம். பலாக்காய்த் தோலின் பாரத்தைக்கூட இப்பை தாங்கியிருக்கிறது. பை மடிப்பது பிள்ளைகளின் வேலை. யாருடைய பை முதலிற் கிழியும் என்று பந்தயமும் நடக்கிறது.

மீன் வாங்கும் நாள் மட்டுமே இன்னும் சங்கடந்தான். அன்றைக்குத் தாளை இரட்டிப்பாக்குகிறோம். செதிலையும் குடலையும் சருகிற் புரட்டி வைக்கிறோம். வண்டி வராத நாளாயின் வாழையடியிற் குழி தோண்டிப் புதைத்துவிடுகிறோம். அயல்வீட்டுப் பூனை அந்தக் குழியைக் கண்டுபிடிப்பதற்குள் மேலே ஒரு கல்லும் வைத்தாக வேண்டும்.