வேல்முருகன் ஹிட்ஸும் விருத்தாசலத்து மூச்சும்

இன்னிக்கு மருந்து மாத்திரை பேசப் போறதில்லை. பாட்டு. (கடைசியில மருத்துவம் வந்துடும், தொழில் புத்தி.)

யூடியூப்ல 'வேல்முருகன் ஹிட்ஸ்'னு தேடுங்க. யாராவது ஒருத்தர் வரிசையா அடுக்கி வெச்சிருப்பார். பாடகர் வேல்முருகன் எங்க விருத்தாசலம் பக்கத்துல இருக்கற முதனைக்காரர். ஊர்ப்பாசத்துல பேசறேன்னு நினைப்பீங்க. கொஞ்சம் இருக்கு, இல்லைன்னு சொல்ல மாட்டேன்.

ஆனா வரிசையைப் பாருங்க. 2008ல சுப்ரமணியபுரம், 'மதுர குலுங்க', இசை ஜேம்ஸ் வசந்தன். 2009ல நாடோடிகள், 'ஆடுங்கடா மச்சான்', சுந்தர் சி. பாபு. 2011ல ஆடுகளம், 'ஒத்த சொல்லால', ஜி.வி. பிரகாஷ். 2012ல ஒரு கல் ஒரு கண்ணாடி, 'வேணாம் மச்சான்', ஹாரிஸ் ஜெயராஜ். நாலு இசையமைப்பாளர்கள், நாலு விதமான சத்தம். திருவிழா மேளத்துல ஆரம்பிச்சு ஹாரிஸோட பளபளன்னு தேய்ச்ச ஒலிப்பதிவு வரைக்கும் போகுது.

தனித்தனியா கேட்டா அந்தந்தப் படம்தான் கண்ணு முன்னாடி வரும். 'ஒத்த சொல்லால'ன்னாலே லுங்கியோட ஆடற தனுஷ். அந்த ஆட்டத்துக்கு தினேஷ் மாஸ்டருக்குத் தேசிய விருதே கிடைச்சுது. ஒண்ணா சேர்த்து ஒரு மணி நேரம் கேளுங்க. படம் எல்லாம் உதிர்ந்து போயிடும். குரல் மட்டும் நிக்கும்.

நாட்டுப்புறப் பாட்டோட கீபோர்டையும் கிடாரையும் கலந்தா மண்வாசனை போயிடும்னு ஒரு புலம்பல் எப்பவும் உண்டு. நான் ஒத்துக்க மாட்டேன். கருவியைக் கலக்கலாம், தாராளமா. தொண்டையை அரம் போட்டு ராவக் கூடாது. இந்தப் பாட்டுகள்ல யாரும் அவர் தொண்டையை ராவல. அங்கதான் ஜெயிச்சாங்க.

1976ல அமெரிக்காவுல ஈகிள்ஸ்னு ஒரு குழு, கிராமத்துக் கன்ட்ரி பாட்டையும் ராக்கையும் கலந்து அதுவரை பாடினதுல ஹிட்டானதை மட்டும் ஒரே இசைத்தட்டா போட்டாங்க. அந்த நாட்டு வரலாற்றுலயே அதிகம் வித்த தட்டுகள்ல அது ஒண்ணு. அதே 1976லதான் இங்க அன்னக்கிளி வந்து, இளையராஜா கிராமத்து மெட்டுக்கு வயலின் கூட்டத்தைப் பக்கத்துல உட்கார வெச்சார். ரெண்டு ஊர்லயும் ஜனங்க கலப்படம்னு தள்ளல.

சரி, அந்தக் குரல்ல என்னதான் இருக்கு? எங்க பக்கம் தெருக்கூத்து மண். மைக் வர்றதுக்கு முன்னாடி, கடைசி வரிசையில சாக்கு விரிச்சு உட்கார்ந்த பாட்டிக்கும் வரி கேக்கணும். தொண்டையை மட்டும் நம்பிக் கத்தினா ரெண்டே நாள்ல கட்டிக்கும். நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற உதரவிதானம்தான் காத்தை உள்ள இழுக்குது. வயித்துத் தசைகளும் விலாத் தசைகளும் அதைச் சீரா, சிக்கனமா மேல அனுப்பணும். அப்பதான் நீளமான வரி உடையாம வரும். வேல்முருகன் உச்சத்துல இழுக்கும்போது எனக்குக் கேக்கறது ராகம் மட்டும் இல்ல, அந்த மூச்சு.

இதை எனக்குக் கவனிக்கச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு நோயாளி. செராமிக் பட்டறையில பல வருஷம் வேலை பார்த்தவர். களிமண்ணோட வெள்ளைக்கல் மாவு கலக்கற இடம். கோயில் திருவிழாவுல பாடறவராம். "முன்ன மாதிரி இழுக்க முடியல சார், பாதி வரியில நிக்குது"ன்னு வந்தார். இருமலைச் சொல்லல, சளியைச் சொல்லல. பாட்டைத்தான் சொன்னார்.

நல்லா மூச்சை இழுத்துட்டு ஒரே மூச்சுல ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணச் சொன்னேன். நல்லா இருக்கறவங்க 30ஐச் சுலபமா தாண்டுவாங்க. அவர் 12ல நின்னார். எக்ஸ்ரே எடுத்தோம். சிலிக்கோசிஸ்.

வெள்ளைக்கல் மாவுல இருக்கற சிலிக்கா கண்ணுக்கே தெரியாத தூசி. நுரையீரலோட கடைசி அறை வரைக்கும் போய்த் தழும்பு போடும். அந்தத் தழும்பை எடுக்க மருந்து கிடையாது. கூடவே காசநோய் வர்ற வாய்ப்பும் ஏறும். அதனால சளிப் பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது. தூசியைத் தண்ணி தெளிச்சு அடக்கணும், காத்தை வெளிய இழுக்கற விசிறி வேணும், என்95 முகக்கவசம் வேணும். மூஞ்சில சுத்தற துண்டு இந்தத் தூசியை நிறுத்தாது. இதைப் படிக்கற பட்டறை முதலாளிகளே, இது உங்களுக்கும்தான்.

அவர் வேலையை மாத்திட்டார். இப்ப மூச்சுப் பயிற்சி. ஊதச் சொன்னா ரெண்டு நாள் ஊதுவார், மூணாம் நாள் மறந்துடுவார். அதனால போன்ல வேல்முருகன் தொகுப்பைப் போட்டு, கூடவே பாடச் சொன்னேன். மூச்சு வாங்கினா உடனே நிறுத்திடணும்னு கண்டிஷன். நுரையீரலை இது பழையபடி ஆக்காது. இருக்கற மூச்சைப் பங்கு போட்டுச் செலவு பண்ணப் பழக்கும். மூணாம் வாரம் வந்தார். "'ஆடுங்கடா'வை எடுத்துடுங்க சார், அது ஓட விடுது. அசுரன்ல 'கத்தரிப் பூவழகி' இருக்கே, அதைப் போட்டுக் கொடுங்க. நடுவுல பொம்பளைக் குரல் வரும்போது நான் மூச்சு வாங்கிப்பேன்"ன்னார்.

போட்டுக் கொடுத்துட்டேன்.