லோரியில் வந்தவர்கள்

தோட்டத்து லோரி எங்கள் தாமானுக்குள் திரும்பினால், பெரியம்மா கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு வந்துவிடுவார். அம்மி, கோழிக்கூடு, சாமிப் படங்கள், துணி மூட்டை, அதன்மேல் உட்கார்ந்து ஊரை வேடிக்கை பார்த்தபடி வரும் பிள்ளைகள். இறங்கியதும் அந்தக் குடும்பத்துப் பெண் பெரும்பாலும் விறகு எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்பார். ஈப்போ பக்கத்துச் சிம்பாங் பூலாயின் வரிசை வீட்டுக் குசினியில் விறகு எரிக்க முடியாது. அன்றைய ராத்திரிச் சோறு எங்கள் வீட்டில்தான் என்று அப்போதே முடிவாகிவிடும்.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. 1985 அக்டோபரில் ஈய விலை சரிந்து கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. ரப்பர் தோட்டங்களின் கதை அதற்கும் முந்தியது. சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளிலேயே வெள்ளைக்காரக் கம்பெனிகள் பல, தோட்டங்களைக் கூறுபோட்டு விற்றுவிட்டுப் புறப்பட்டன. அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான் 1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். எங்கள் தாத்தா மாதம் பத்து வெள்ளி கட்டி அதில் பங்கு வாங்கியவர். ரசீதுகளைக் கடைசிவரை பெட்டியில் வைத்திருந்தார். சங்கம் சில தோட்டங்களைக் காப்பாற்றியது. கோப்பெங், பத்து காஜா பக்கமிருந்து எங்களிடம் வந்து சேர்ந்தவர்கள் அந்த அதிர்ஷ்டம் இல்லாதவர்கள். லயத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை போனால் வீட்டையும் காலி செய்ய வேண்டும். மூன்று தலைமுறை பால் வெட்டிய குடும்பத்துக்கு, தான் படுத்த தரைமீது ஓர் உரிமையும் கிடையாது. இப்போது நினைத்தாலும் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

மலிவு விலை வீட்டுக்கு அரசு வைத்த உச்ச விலை அப்போது 25,000 வெள்ளி. தினக்கூலிக்காரருக்கு யார் கடன் கொடுப்பார்கள்? பலர் வாடகைக்கே வந்தார்கள். வந்த மாதமே கரண்டு பில். தோட்டத்தில் ஜெனரேட்டர் ஓடும் நேரம்தான் விளக்கு. அணைப்பது அவர்கள் கையில் இல்லை. இங்கே அறைக்கு அறை சுவிட்சு. முதல் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் காலை பெரியம்மா அவர்களைச் சந்தியிலிருந்த சீனர் கடைக்குக் கூட்டிப்போவார். தவுக்கே ஒரு புது 555 புத்தகத்தை எடுத்து, முதல் பக்கத்தில் சீனத்தில் ஏதோ எழுதுவார். பெரியம்மா முகத்துக்காகத் தொடங்கிய கடன் அது. மாதச் சம்பளம் வந்ததும் அடைபடும். பத்துக் கல் தொலைவில்கூட சொந்தக்காரர் இல்லாத குடும்பத்துக்கு அந்தச் சின்னப் புத்தகம் எவ்வளவு பெரிய பலம் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். தவுக்கே ஏன் மறுபேச்சில்லாமல் கொடுத்தார் என்று வெகுகாலம் யோசித்ததுண்டு. அவர் புதுக்கிராமத்துப் பிள்ளை. அவசரகாலத்தில், 1950-இல் வந்த பிரிக்ஸ் திட்டப்படி, காட்டோரம் குடியிருந்த ஐந்து லட்சம் பேரை ராணுவ லோரிகளில் ஏற்றி முள்வேலியிட்ட புதுக்கிராமங்களில் இறக்கினார்கள். அதில் பெரும்பாலோர் சீனர்கள். லோரியிலிருந்து சட்டி பானையோடு இறங்குவது எப்படி என்று அவர் வீட்டுப் பெரியவர்கள் நிச்சயம் சொல்லியிருப்பார்கள்.

எங்கள் பாட்டி இறங்கியது கப்பலிலிருந்து. உதவிப் பயணத்தில் கூலி ஆட்களை அனுப்புவதை இந்திய அரசு 1938-இல் நிறுத்தியது. அதற்குச் சில காலம் முந்தி வந்தவர். நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறி, தளத்தில் பாய் விரித்து, பினாங்குக்கு எதிரே ஜெரஜாக் தீவில் நோய்க்காவலில் இருந்து, பிறகு ரயில். தோட்டத்தில் கங்காணி தலைகளை எண்ணி ஒப்படைத்ததோடு சரி. லயத்தில் அடுத்த கதவுக்காரி ஒரு பிடி உப்பும் படி அரிசியும் கொண்டுவந்து வைத்தாராம். எந்த ஊர், என்ன சாதி என்று கேட்குமுன் உப்பை வைத்தார் என்பதைப் பாட்டி அழுத்திச் சொல்வார். சாதி பார்த்து லயம் பிரித்த காலத்தில் அது சின்னக் காரியம் இல்லை. பெரியம்மா அந்த உப்பைக் கேட்டே வளர்ந்தவர்.

ஆனால் உப்பும் அரிசியும் பெரியம்மாவுக்கு ஆரம்பம் மட்டுந்தான். அவர் உண்மையில் போராடியது தாளுக்காக. அவருக்கு மலாய் பேச வரும், எழுத வராது. பாரம் நிரப்ப ஒரு கை வேண்டுமென்று பள்ளி விடுமுறையில் என்னை இழுத்துக்கொண்டு போவார். பஸ் பிடித்து ஈப்போ மேடான் கிட்டில் இறங்கி, வெயிலில் பதிவு இலாகாவுக்கு நடப்போம். வாசலோடு நிற்க விடமாட்டார். "கவுண்டர் வரைக்கும் கூட வரணும் பாப்பா. அவங்க கேக்கறது இவங்களுக்குப் புரியாம தலைய ஆட்டிட்டா, அதோட போச்சு."

அது எவ்வளவு உண்மை என்பது பின்னால் சட்டம் படித்துத் தெரிந்துகொண்டபோதுதான் எனக்கு விளங்கியது. தோட்டத்தில் பிள்ளைகள் பல வீட்டிலேயே பிறந்தன, மருத்துவச்சி கையில். கிராணி குறித்து வைத்தால் உண்டு. கல்யாணம் கோயிலில் நடக்கும், ஊரே சாட்சி. ஆனால் 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதார் திருமணத்துக்குப் பதிவு கட்டாயமானது. பதிவில்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளை சட்டத்தின் கண்ணில் தாயை மட்டும் சார்ந்தது. தகப்பன் குடிமகனுக்குரிய நீல அட்டை வைத்திருந்தாலும், தாய்க்கு அடையாள அட்டையே இல்லையென்றால் பிள்ளைக்குக் குடியுரிமை சிக்கலாகிவிடும். பிறந்த மண் இதுதான், தாய்தகப்பன் பிறந்ததும் இதே மண்தான்; இருந்தும் பன்னிரண்டு வயதில் அடையாள அட்டை எடுக்கப் போகும்போது, நீ யார் என்ற கேள்வி வரும். அட்டை இல்லையென்றால் சோதனை எழுதுவதில் தொல்லை, வேலையில் தொல்லை, வங்கியில் தொல்லை. அது பெண் பிள்ளையானால், பிறகு அவளுக்கே பிள்ளை பிறக்கும். முடிச்சு இன்னொரு தலைமுறைக்கு இறங்கும்.

2011-இல் அரசு மைடஃப்தார் என்ற பெயரில் இந்தியர்களின் ஆவணச் சிக்கலுக்காக நாடெங்கும் பதிவு இயக்கம் நடத்தியது. அப்போது பெரியம்மா இல்லை. மேசைக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்து நான் பாரம் நிரப்பினேன். எதிரே வந்தவர்களில் நரைத்த தலைகள்தான் அதிகம். அவர்களுக்கு எழுபதுகளிலேயே ஒருவர் கூடவே நடந்திருந்தால் போதுமே என்று அன்று முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

தாள் இல்லாததால் போனவர்களும் உண்டு. 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானதும், ஏறத்தாழ 60,000 இந்தியர்கள் கப்பலேறினார்கள். பெரியப்பாவின் தம்பி குடும்பமும் அதில் ஒன்று. சேலம் பக்கம் ஏதோ கிராமம். அவர் மனைவி இங்கே பிறந்தவர், அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. அங்கிருந்து வந்த முதல் கடிதத்தில், இங்கே எங்களை மலேயாக்காரங்க என்று கூப்பிடுகிறார்கள் என்று எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுப் பெரியம்மா இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை என்று அம்மா சொல்வார். லோரிகளின் சத்தத்துக்கு அவர் காது திறந்திருந்ததற்கு வேர் அங்கே இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

சிம்பாங் பூலாய் இப்போது மாறிவிட்டது. சுண்ணாம்பு மலைகளை முன்னைவிட ஆழமாகக் குடைந்திருக்கிறார்கள். கேமரன் மலைக்கு ஏறும் புதுச் சாலை எங்கள் சந்தியில்தான் தொடங்குகிறது. காய்கறி லோரிகள் இறங்கி வருகின்றன, தோட்ட வேலைக்கு வங்காளதேசத்தவரும் நேப்பாளியரும் ஏறிப் போகிறார்கள். 2009-இல் முள்ளிவாய்க்கால் முடிந்த பின் ஈழத்துக் குடும்பங்களும் மலேசியாவுக்கு வந்தன. எங்கள் பக்கத்துத் தெருவில் குடியேறிய ஒரு வீட்டுப் பெண் கதவருகே நின்று கேட்டார்: "அக்கா, பிள்ளையளப் பள்ளிக்கூடத்தில சேர்க்கேலுமோ?"

சேர்க்க முடியாது. மலேசியா 1951-இன் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடாத நாடு. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் அட்டை கையிலிருந்தாலும் அரசுப் பள்ளியில் இடமில்லை, முறையான வேலைக்கு உரிமையில்லை. அந்த அட்டைக்கான நேர்காணலுக்கும் இருநூறு கிலோமீட்டர் போய்க் கோலாலம்பூரில்தான் நிற்க வேண்டும். தோட்டத்து லயத்திலிருந்து தாமானுக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இன்று ஆசிரியர்கள், தாதியர், வழக்கறிஞர்கள். அந்த ஈழத்து வீட்டைத் தாண்டித்தான் தினமும் காரில் போகிறார்கள். தமிழ் பேசும் அகதியைத் தமிழர் வீதியில் யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால் அது நமக்குப் பெரிய அவமானம். இதை நான் கோயில் கூட்டத்திலேயே சொன்னேன். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஓய்வுபெற்ற இரண்டு ஆசிரியைகள் மறுவாரமே வந்தார்கள். எங்கள் வீட்டு அஞ்சடியில் சனிக்கிழமை வகுப்பு அப்படித்தான் தொடங்கியது. மலாய், கணக்கு, ஆங்கிலம். தமிழை அந்தப் பிள்ளைகள் எங்களைவிட நன்றாகவே வைத்திருக்கிறார்கள்.

ஒருமுறை அவர்களைக் கெல்லி மாளிகைக்கு அழைத்துப் போனோம். வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரத் தோட்ட முதலாளி கட்டத் தொடங்கியது அது; 1926-இல் அவர் இறந்ததும் பாதியில் நின்றது. எல்லாரும் மாளிகையைத்தான் படமெடுப்பார்கள். பக்கத்தில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. கூரையில் கோட்டும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார். கட்டட வேலைக்கு வந்த தமிழர்கள் விஷக் காய்ச்சலில் மடியத் தொடங்கியபோது, கோயில் கட்டித் தரும்படி கேட்டு வாங்கினார்கள் என்பது ஊர்ப் பேச்சு. "ஆர் இவையளுக்கு முதல்ல சோறு குடுத்தது?" என்று ஒரு சிறுவன் கேட்டான். நான் பாட்டியின் உப்புக் கதையைச் சொன்னேன். வேறு என்ன சொல்ல?

போன வாரம் அந்த ஈழத்து வீட்டில் மூன்றாவதாக ஒரு பெண் குழந்தை, ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில். அகதி அட்டைக்கு வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி கழிவு உண்டு. மீதிப் பாதியே அவர்களுக்கு மலை. ஆசிரியைகளும் சந்தியில் பழைய தவுக்கேயின் மகனும் சேர்ந்து கொடுத்தார்கள். இனிப் பிறப்புப் பதிவு. குடிமகள் அல்ல என்றுதான் சான்றிதழில் எழுதுவார்கள். எழுதட்டும், இந்தத் தேதியில் இந்த ஊரில் பிறந்தாள் என்பதை இனி யாரும் மறுக்க முடியாது. பெற்றோரின் கல்யாணம் இங்கே கோயிலில் நடந்தது; பதிவு செய்யக் கடப்பிதழ் இல்லை. தாயும் தகப்பனும் ஒன்றாக நேரில் போய்க் கேட்டுக் கையெழுத்திட்டால், சான்றிதழில் தகப்பன் பெயரையும் சேர்க்கச் சட்டத்தில் வழியிருக்கிறது. ரோட்டில் போலீஸ் மறித்தால் என்ன செய்வது என்று தகப்பனுக்குப் பயம். வழக்கறிஞராக இருக்கும் ஒரு தோட்டத்துப் பிள்ளை தன் காரிலேயே கூட்டிப்போகிறேன் என்றிருக்கிறான். செவ்வாய்க்கிழமை, காலை ஏழரைக்கு. நானும் போகிறேன்.