ஒப்புகைச் சீட்டு

மாவட்டத் தலைநகர் ஒன்றின் அரசு சட்டக் கல்லூரி. பிற்பகல் இரண்டு மணி. நுழைந்ததும் இடதுபுறச் சுவரில் ஆளுயர அறிவிப்புப் பலகை. கண்ணாடிக் கதவின் பூட்டு போய் வெகுநாளாகியிருக்கும். யார் வேண்டுமானாலும் திறந்து எதை வேண்டுமானாலும் ஒட்டலாம்.

பலகை நிறைய உதவிகள். ராகிங் புகாருக்கு 1800-180-5522. மனச்சோர்வுக்கு ‘டெலி மானஸ்’ 14416. இலவச சட்ட உதவிக்கு 15100. அரசுப் பள்ளியில் படித்து வந்த மாணவிகளுக்குப் ‘புதுமைப் பெண்’ திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய். மாணவர்களுக்கு அதே தொகை ‘தமிழ்ப் புதல்வன்’ பெயரில். குடும்பத்தின் முதல் பட்டதாரிக்குக் கல்விக் கட்டணச் சலுகை. பாலியல் தொல்லை குறித்த உள் புகார்க் குழு. ஓரத்தில் ஒரு செய்தித்தாள் துண்டு: வழக்கறிஞராகப் பதிவு செய்யச் சட்டம் சொல்லும் 750 ரூபாய்க்கு மேல், ஆதிதிராவிடர், பழங்குடியினரிடம் 125 ரூபாய்க்கு மேல் வாங்கக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30-இல் சொன்ன தீர்ப்பு. தொகைகளுக்குக் கீழே யாரோ சிவப்பு மையில் இரண்டு கோடு இழுத்திருக்கிறார்கள்.

14416-இன் கடைசி இரண்டு இலக்கங்கள் மேல் ‘லேடீஸ் ஹாஸ்டல், வீட்டுச் சாப்பாடு’ என்ற விளம்பரம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேன்ட் போட்ட ஒரு பையன் பலகை முன் நிற்கிறான். தேர்வு அட்டவணையைப் பார்ப்பவன் போலத்தான் நிற்கிறான். வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, விளம்பரத்தின் ஓரத்தை நகத்தால் தூக்கி அடியில் உள்ள எண்ணைப் பார்க்கிறான். மறுபடி ஒட்டி, தடவி விட்டுவிட்டு நடக்கிறான். போகிற போக்கில் கைபேசியை எடுத்து எதையோ தட்டி, பையில் போட்டுக்கொள்கிறான்.

நூலகத்தில் மின்விசிறிகள் ஓடுகின்றன; பாதி வேகம். அலமாரிகளில் தோல் அட்டை போட்ட ‘மெட்ராஸ் லா ஜர்னல்’ தொகுதிகள், ஏ.ஐ.ஆர். தொகுதிகள். அவற்றின் மேல் தூசி. கைபேசிகளின் மேல் தலைகள். தீர்ப்புகளை இப்போது யாரும் தொகுதி தூக்கித் தேடுவதில்லை. ‘இந்தியன் கானூன்’ இணையதளம் இலவசம். உச்ச நீதிமன்றத்தின் ‘இ-எஸ்.சி.ஆர்.’ 2023 முதல் இலவசம். சில தீர்ப்புகள் அதில் தமிழிலும் கிடைக்கின்றன.

முதலாண்டுப் பையன் ஒருவன் மேசையருகே வந்து இந்திய தண்டனைச் சட்டத்தை மெதுவாகக் கேட்கிறான்.

“அண்ணே, ஐ.பி.சி. இருக்காண்ணே?”

நூலக உதவியாளர் நிமிரவில்லை. “குத்து எப்ப விழுந்துச்சு?”

பையன் விழிக்கிறான்.

“2024 ஜூலை 1-க்கு முன்னாடி குத்தியிருந்தா ஐ.பி.சி. அன்னிலேருந்து குத்தியிருந்தா புதுச் சட்டம், பி.என்.எஸ். சட்டம் மாறிப்போச்சு தம்பி, வழக்கு மாறல. ரெண்டையும் எடுத்துட்டுப் போ.”

சட்டம் படித்தவரில்லை அவர். ஆனால் எந்தச் சட்டத்துக்கு எந்த அலமாரி என்பது விரல் நுனியில் இருக்கிறது. பழைய பிரிவு எண்ணுக்குப் புதிய எண் சொல்லும் ஓர் அட்டவணையைத் தூணில் ஒட்டியிருக்கிறார்: 302 என்றால் 103; 307 என்றால் 109; 420 என்றால் 318. பெரிய எழுத்தில் அவரே கையால் எழுதியது. சீனியர்கள் விட்டுப்போன குறிப்பேடுகள் ஒரே இரவில் பழைய காகிதமாகிப்போன காலத்தில், அந்தத் தூணின் முன்னால் எப்போதும் நாலு பேர் நிற்கிறார்கள்.

ஜன்னலோர மேசையில் இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி. தமிழ் வழியில் படித்து வந்தவள் என்று குறிப்பேடு சொல்கிறது. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் பென்சிலில் தமிழ். ஒரு தீர்ப்பின் ஒரே பத்தியில் வெகுநேரமாக நிற்கிறாள். பின்னால் வந்த சீனியர் மாணவி குனிந்து பார்க்கிறாள்.

“ஏ புள்ள, மேலேருந்தா படிக்கிற? கடைசிப் பக்கத்துக்குப் போ. யார் ஜெயிச்சாங்கன்னு பாரு. அப்புறம் முதல் பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு படி. நடுவுல இருக்கறது ஏன்ங்கறதுக்கு. அதுக்குத்தான் காபி குடிச்சிட்டு வரணும்.”

இவள் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளுகிறாள். நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் தளர்கிறது. பலகையில் இல்லாத உதவி இது.

மூன்று மணிக்கு அவள் எழுந்து சைக்கிள் நிறுத்தத்தை ஒட்டிய சின்ன அறைக்குப் போகிறாள். வாசலில் ‘சட்ட உதவி மையம்’. ஒவ்வொரு சட்டக் கல்லூரியும் இப்படி ஒன்றை நடத்த வேண்டுமென்பது இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு விதி. உள்ளே இரண்டு பெஞ்சு, ஒரு மேசை, மூலையில் பேராசிரியை. 1987-ஆம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு சுவரில் தொங்குகிறது: பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் உள்ளவர்கள்... இவர்களுக்கு இலவச சட்ட உதவி. பெண்ணுக்கு வருமான வரம்பு கிடையாது. அதாவது மனு எழுத உட்கார்ந்திருப்பவளும் அந்தப் பட்டியலில்தான் இருக்கிறாள்.

பெஞ்சில் ஒரு பாட்டி. மடியில் மஞ்சப்பை. அதிலிருந்து ஒரு பத்திரம் வருகிறது.

“மகன் பேருக்கு எழுதிக் குடுத்துட்டேன் தாயி. இப்ப சோத்துக்கு அல்லாட விடுறான்.”

“எந்த வருஷம் எழுதினீங்க பாட்டி?”

“பேரன் பொறந்த வருஷம்.”

மாணவி பத்திரத்தில் தேதி தேடுகிறாள். 2014. அப்புறம் ஒவ்வொரு வரியாக விரல் வைத்து நகர்கிறாள். மூன்றாம் பக்கத்தில் விரல் நிற்கிறது. தாயாரை ஆயுள் உள்ளவரை வைத்துப் பராமரிக்க வேண்டும் என்று ஒரு வரி. தலை நிமிர்த்திப் பேராசிரியையைப் பார்க்கிறாள். அவர் சின்னதாகத் தலையாட்டுகிறார். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், 2007, பிரிவு 23. அந்த நிபந்தனையோடு எழுதிக்கொடுத்த சொத்தை வாங்கியவர் கைவிட்டால், எழுதிக்கொடுத்ததைச் செல்லாதென்று அறிவிக்கக் கேட்கலாம். மனு கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்துக்கு.

மாணவி எழுதத் தொடங்குகிறாள். ‘கருணை உள்ளம் கொண்ட ஐயா அவர்கள் இந்த ஏழையின் மீது தயவு கூர்ந்து’ என்று ஒரு பத்தி ஓடுகிறது. பேராசிரியை தாளை வாங்கி அந்தப் பத்தியைக் குறுக்கே அடிக்கிறார்.

“அழுத பிள்ளை பால் குடிக்கும்கறது வீட்டுக்குள்ளம்மா. இங்க அழக் கூடாது. எந்தத் தேதி, எந்தப் பத்திரம், எந்தப் பிரிவு, என்ன உத்தரவு வேணும். நாலே வரி.”

நாலு வரி எட்டாகிறது. ஆனால் தயவும் கருணையும் போய்விட்டன. மாணவி உரக்கப் படிக்கிறாள். பாட்டி பெருவிரல் ரேகை வைக்கிறார். கிளம்பும்போது பேராசிரியை முதன்முறையாகப் பாட்டியிடம் பேசுகிறார்.

“ரெண்டு நகல் இருக்குங்கம்மா. ஒண்ணைக் குடுங்க. இன்னொண்ணுல தேதி, சீல், கையெழுத்து மூணும் வாங்காம அந்த இடத்தை விட்டு அசையாதீங்க.”

பாட்டி தலையாட்டுகிறார். மாணவியும் தலையாட்டுகிறாள்.

நாலு மணி. அலுவலகச் சாளரத்தில் உதவித்தொகை வரிசை. இணையத்தில் விண்ணப்பித்தாலும் சாதி, வருமானச் சான்றுகளோடு தாள் நகலை இங்கே ஒப்படைக்க வேண்டும். முன்னால் நிற்கிறவர்கள் தோளைக் குறுக்கிக்கொண்டு “சார்... சார்...” என்கிறார்கள். எழுத்தர் கணினியிலிருந்து கண்ணெடுக்காமல் “வெச்சுட்டுப் போ” என்கிறார். தட்டில் தாள்மேல் தாள். போன வருடம் வைத்துவிட்டுப் போன விண்ணப்பம் வந்தே சேரவில்லை என்று சொல்லிவிட்டார்களாம். வரிசையில் ஒருத்தன் இன்னொருத்தனிடம் மெதுவாகச் சொல்கிறான். அதற்கு மேல் பேச்சில்லை. அவனும் வைத்துவிட்டுப் போகிறான்.

மாணவியின் முறை.

“வெச்சுட்டுப் போம்மா.”

வைக்கிறாள். போகவில்லை. பையிலிருந்து இன்னொரு நகலை எடுத்துச் சாளரத்துக்குள் நீட்டுகிறாள்.

“இதுல தேதி போட்டு, சீல் வெச்சு, கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார்.”

“எதுக்கு?”

“குடுத்ததுக்கு ஒப்புகை சார்.”

எழுத்தர் இப்போதுதான் திரும்பிப் பார்க்கிறார். “எந்த இயர்?”

“செகண்ட் இயர் சார்.”

“செகண்ட் இயர்லயேவா?”

அவள் பதில் சொல்லவில்லை. நகலை நீட்டிய கை நீட்டியபடி இருக்கிறது. அவர் இழுப்பறையைத் திறந்து சீல் கட்டையைத் தேடுகிறார். மைப்பெட்டி காய்ந்து கிடக்கிறது. தம்ளரிலிருந்து இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேய்த்து, ஓங்கி ஒரு குத்து. தேதி. சுருக்கொப்பம்.

பின்னால் நின்ற பையன் தன் கையிலிருக்கும் ஒற்றைத் தாளைப் பார்க்கிறான். “அக்கா, ஜெராக்ஸ் கடை எங்கக்கா?”

எழுத்தரின் காதில் விழுந்துவிட்டது. சாளரத்துக்கு வெளியே தலையை நீட்டி, வரிசை முழுவதற்கும் சேர்த்துக் கத்துகிறார்:

“நாளைக்கு ஒவ்வொருத்தரா வந்து உயிரை வாங்காதீங்க! இப்பவே போய் எல்லாரும் ரெண்டு நகல் எடுத்துட்டு வாங்க!”