சுருங்கிவரும் யூபாரி நகரம்

ஜப்பான் நாட்டின் வடகோடியில் ஹொக்கைடோ என்னும் பெருந்தீவு உள்ளது. அதன் தலைநகராகிய சப்போரோவுக்குக் கிழக்கே, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், மலைகள் நெருங்கி நிற்கும் ஒரு பள்ளத்தாக்கில் அமைந்திருக்கிறது யூபாரி. நீண்ட குளிர்காலமும் கடும்பனியும் உடைய ஊர். மக்கள்தொகை குறைந்து முதுமை மிகுந்தால் ஓர் ஊரின் பொருளாதாரம் என்னவாகும் என்பதைக் கண்ணெதிரே காட்டி நிற்கிறது இச்சிறு நகரம்.

1888-ஆம் ஆண்டில் இங்கே நிலக்கரி கண்டறியப்பட்டது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறக்கப்பட்டன. தொழிலாளர் குடியிருப்புகள் மலைச்சரிவெங்கும் வரிசையாக எழுந்தன. 1960-ஆம் ஆண்டில் நகர மக்கள் 1,16,908 பேர். ஆயினும் அக்காலத்திலேயே ஜப்பான் நாடு நிலக்கரியை விட்டு, இறக்குமதி எண்ணெய்க்கு மாறத் தொடங்கியிருந்தது. சுரங்கங்கள் மூடப்பட்டு வந்தன. 1981 அக்டோபரில் ஒரு சுரங்கத்தில் நேர்ந்த வாயு விபத்தில் 93 தொழிலாளர் மாண்டனர். 1990-இல் கடைசிச் சுரங்கமும் மூடப்பட்டது. இளையோர் பிழைப்புத் தேடி வெளியேறினர். பெற்றோர் ஊரிலேயே தங்கினர். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எஞ்சியிருந்தோர் 7,334 பேர். அவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் 65 வயதைக் கடந்தவர்கள்.

ஆட்கள் குறைந்தால் செலவும் குறைந்துவிடும் என்று நாம் எண்ணக்கூடும். யூபாரியில் அவ்வாறு நிகழவில்லை. நகரத்தின் பரப்பு 763 சதுர கிலோமீட்டர். டோக்கியோவின் 23 வட்டங்களையும் ஒன்றுசேர்த்தாலும் இதைவிடச் சிறியதே. ஒரு தெருவில் நூறு வீடுகள் இருந்தாலும் மூன்று வீடுகளே எஞ்சினாலும் குடிநீர்க் குழாயின் நீளம் ஒன்றுதான். தனியே வாழும் ஒரு மூதாட்டிக்காகவும் சாலையில் குவிந்த பனியை அகற்றியாக வேண்டும். வரி செலுத்துவோர் தொகை சுருங்கச் சுருங்க, ஒவ்வொருவர் தோளிலும் ஏறும் சுமை கனத்துக்கொண்டே போகிறது.

சுரங்க நிறுவனங்கள் விட்டுச்சென்ற வீடுகளையும் மருத்துவமனையையும் நகராட்சியே ஏற்றுக்கொண்டது. போனவர்களுக்கு ஈடாகச் சுற்றுலாப் பயணிகளை வரவழைக்கலாம் என்று கருதி, கேளிக்கைப் பூங்காவுக்கும் விடுதிக்கும் பனிச்சறுக்குத் தளத்துக்கும் பெரும்பணம் செலவிட்டது. எதிர்பார்த்த வருவாய் கிட்டவில்லை. பற்றாக்குறை வெளியே தெரியாதபடி குறுகியகாலக் கடன்கள் மேன்மேலும் வாங்கப்பட்டன. 2006-இல் உண்மை வெளிப்பட்டது. 2007 மார்ச்சில் நகராட்சி அரசின் நிதிக் கண்காணிப்பின்கீழ் வந்தது. அடைக்கவேண்டிய தொகை ஏறத்தாழ 3,500 கோடி யென்!

கடனை உண்டாக்கிய தலைமுறையில் பலர் ஊரைவிட்டுப் போய்விட்டனர். அடைக்கும் பொறுப்போ எஞ்சியிருந்த முதியோர்மீதும் சிறுவர்மீதும் விழுந்தது. வரிகளும் கட்டணங்களும் உயர்ந்தன. நகராட்சி ஊழியரின் ஊதியம் வெட்டப்பட்டது. நூலகம் மூடப்பட்டது. 171 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை 19 படுக்கைகள் கொண்ட மருந்தகமாயிற்று. நடுநிலைப் பள்ளிகள் 2010-இலும், தொடக்கப் பள்ளிகள் 2011-இலும் ஒவ்வொன்றாகக் குறுக்கப்பட்டன. பள்ளியும் மருத்துவமும் குறைந்த ஊரில் இளங்குடும்பங்கள் எங்ஙனம் தங்கும்? சிக்கனமே மேலும் சிலரை வெளியேற்றியது.

2011-இல் நவோமிச்சி சுசுகி என்னும் 30 வயது இளைஞர் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். டோக்கியோ அரசு ஊழியராக 2008-இல் இவ்வூருக்கு அனுப்பப்பட்டவர் அவர். அவர் காலத்தில் நகராட்சி, ஊர் பழையபடி பெருகும் என்னும் கனவைக் கைவிட்டது; இருப்போரை நெருங்கி வாழச் செய்யும் வழியைத் தேடியது. நடுப்பகுதியாகிய ஷிமிசுசாவாவில் புதிய வீடுகள் கட்டப்பட்டன. பாதி காலியாகக் கிடந்த குடியிருப்புகளில் சிதறி வாழ்ந்தோர் சில கட்டடங்களுக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டனர். பல்லாண்டு வாழ்ந்த வீட்டை முதுமையில் விட்டுப் பெயர்வது எளிதன்று. ஆகவே இதனைப் பேசித்தான் செய்ய வேண்டியிருந்தது. ஆணையிட்டுச் செய்ய இயலவில்லை.

இரயில் பாதையிலும் அதே துணிவு தேவைப்பட்டது. பயணியர் அருகிய 16.1 கிலோமீட்டர்ப் பாதையை மூடலாம் என்று மேயரே 2016-இல் முன்வந்து கூறினார். அதற்கு ஈடாகப் பேருந்து வசதிக்கு இரயில் நிறுவனத்திடமிருந்து 75 கோடி யென் பெற்றார். 2019 மார்ச் 31-ஆம் நாள் கடைசி இரயில் சென்றது. மறு ஆண்டு, நூலகமும் பேருந்து நிலையமும் ஒரே கூரையின்கீழ் அமைந்த பொதுமன்றம் ஷிமிசுசாவாவில் திறக்கப்பட்டது. மருத்துவர்களும் செவிலியரும் முதியோரை வீடு தேடிச் சென்று கவனிக்கும் முறையும் வளர்ந்தது.

யூபாரி முற்றும் வறண்டுவிடவில்லை. அதன் முலாம்பழம் ஜப்பான் முழுவதும் புகழ்பெற்றது. 2019-ஆம் ஆண்டின் முதல் ஏலத்தில் இரண்டே பழங்கள் 50 இலட்சம் யென்னுக்கு விலைபோயின. ஆயினும் அப்பழத்தைப் பயிரிடும் உழவரும் மூப்படைந்து வருகின்றனர். சந்தை இருந்தும் கைகள் போதவில்லை.

ஜப்பானில் 2024-இல் பிறந்த குழந்தைகள் 7 இலட்சத்துக்கும் குறைவு. யூபாரி முன்னே நடந்த பாதையில் இன்னும் பல ஊர்கள் பின்னே வருகின்றன. அவற்றுக்கு இந்நகரம் கூறும் பாடம் எளியது. குறைவது தெரிந்தவுடன் கணக்கை மறைக்காமல் மக்கள் முன் வைக்க வேண்டும். கையில் வருவாயும் உடலில் வலுவும் இருக்கும்போதே, ஒருவருக்கொருவர் எட்டும் தொலைவில் வாழ ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். ஓர் ஊர் சிறுத்துப்போவது இழிவன்று. அங்கே கடைசியாக எஞ்சும் முதியவரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாது போவதே இழிவு.