கரண்ட் போனா கணக்கு என்னாகும்?

ராம் வேகமானது, கரண்ட் போனால் அதில் இருப்பது அழிந்துவிடும். டிஸ்க் மெதுவானது, ஆனால் அழியாது. பள்ளிக்கூடத்தில் இது இரண்டு மார்க் கேள்வி. எல்லாரும் எழுதி மார்க்கும் வாங்கியிருப்போம் :-) அதன் முழு அர்த்தம் எனக்குப் புரிந்தது, லினக்ஸ் சர்வரில் ரெடிஸை நிறுவியபோதுதான்.

ரெடிஸ் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: எல்லாத் தகவலையும் ராமிலேயே வைத்துக்கொண்டு கேட்டவுடன் எடுத்துத் தரும் மென்பொருள் அது. இத்தாலிக்காரர் சால்வதோரே சான்ஃபிலிப்போ 2009-இல் வெளியிட்டார். இதற்கு மூத்தது மெம்கேஷ்டு. 2003-இல் லைவ்ஜர்னல் தளத்துக்காக பிராட் ஃபிட்ஸ்பேட்ரிக் எழுதியது.

இது நமக்கு எதற்கு என்கிறீர்களா? தீபாவளி சமயத்தில் முத்துநகர் எக்ஸ்பிரஸுக்கு தட்கல் போட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஒரே நிமிடத்தில் ஊரே வந்து கதவைத் தட்டும்போது, ஒவ்வொரு கேள்விக்கும் டிஸ்க்கைத் தேடினால் சர்வர் படுத்துவிடும். 2014-இல் ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தைப் புதுப்பித்தபோது ஜெம்ஃபயர் என்ற ராம் சேமிப்பகத்தைப் பயன்படுத்தினார்கள். நிமிடத்துக்கு 2,000 டிக்கெட் என்றிருந்த திறன் 7,200 ஆனது. ஆனால் இருக்கை ஒதுக்கும் மூலக் கணக்கு அப்போதும் ரயில்வேயின் முன்பதிவு அமைப்பில்தான் இருந்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சரி, என் கதைக்கு வருகிறேன். சாயர்புரத்தில் என் சித்தி ஒரு மகளிர் சுயஉதவிக் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறார். சேமிப்பு, கடன், வட்டி எல்லாம் ஒரு நீள நோட்டில். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றலாம் என்று வீட்டில் சும்மா கிடந்த பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டு போட்டேன். ரெடிஸ் நிறுவ ஒரே கட்டளைதான், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வேகத்தைச் சித்தியிடம் பெருமையாகக் காட்டினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி.

"ஏல, கரண்டு போயிட்டுன்னா கணக்கு என்னத்துக்கு ஆகும்?"

"அதெல்லாம் டிஸ்க்குலயும் எழுதி வச்சுக்கிடும் சித்தி."

"எப்ப எழுதும்?"

இந்த "எப்ப"வில்தான் எல்லாம் இருக்கிறது நண்பர்களே. ரெடிஸ் அவ்வப்போது ராமில் இருப்பதை அப்படியே படம் பிடித்து டிஸ்க்கில் வைக்கும். எப்போது? இப்போதைய இயல்பு அமைப்பு இதுதான்: ஒரு மணி நேரத்தில் 1 மாற்றமாவது இருந்தால், 5 நிமிடத்தில் 100 மாற்றம் இருந்தால், ஒரு நிமிடத்தில் 10,000 மாற்றம் இருந்தால். பெரிய தளங்களுக்கு இது போதும். சித்தியின் குழுவில் 15 பேர். கூட்டம் முடிந்து 15 பதிவு போட்டால் 100-ஐ எட்டாது. ஆக, அடுத்த படம் பிடிக்க ஒரு மணி நேரம் வரை ஆகலாம். அதற்குள் கரண்ட் போனால் பதினைந்து பேர் கட்டிய பணத்துக்குச் சாட்சி இல்லை.

இதற்கு ஒரு வழி உண்டு. கான்ஃபிக் ஃபைலில் 'அப்பெண்ட்ஒன்லி' என்பதை 'யெஸ்' ஆக்க வேண்டும். கடையில் சிட்டை எழுதுவது போல, நடந்ததை எல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டே போகும். இயல்பாக நொடிக்கு ஒருமுறை டிஸ்க்கில் பதியும். இழப்பு ஏறத்தாழ ஒரு நொடியோடு போயிற்று. ஒரு எச்சரிக்கை: ஏற்கெனவே தகவல் இருக்கும் சர்வரில் ஃபைலை மட்டும் மாற்றிவிட்டு ரீஸ்டார்ட் செய்யாதீர்கள், பழைய தகவலை ஏற்றாமல் காலியாகத் தொடங்கிவிடும். ஓடிக்கொண்டிருக்கும்போதே 'கான்ஃபிக் செட்' கட்டளையால் மாற்றி, எழுதி முடிந்ததைப் பார்த்துவிட்டு, பிறகு ஃபைலிலும் மாற்றுங்கள்.

அடுத்தது 'மேக்ஸ்மெமரி'. இதைச் சொல்லாவிட்டால் வரம்பே கிடையாது, ராம் முழுவதையும் தின்றுவிடும். நான் 256 எம்.பி. கொடுத்தேன். நிரம்பினால் என்ன செய்வது என்பது இன்னொரு வரி. இயல்பாகப் புதிதாக எழுத மறுக்கும். 'ஆல்கீஸ்-எல்.ஆர்.யு.' என்று வைத்தால், நெடுநாள் தொடாததைத் தானே தூக்கி எறியும். தற்காலிகத் தகவலுக்கு இது அருமை. கடன் கணக்குக்கு? ஆறு மாதமாக யாரும் பார்க்காத கடன் சத்தமில்லாமல் காணாமல் போகும். கடன்காரருக்குச் சந்தோஷம்தான் :-)

மூன்றாவது, கதவு. ரெடிஸை '127.0.0.1' என்ற முகவரியோடு கட்டிப் போடுங்கள், அந்த மெஷினுக்குள் இருப்பவை மட்டும் பேசட்டும். பாஸ்வேர்டும் வையுங்கள். திறந்து விட்டால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம்: 2018 பிப்ரவரியில் இணையத்தில் திறந்து கிடந்த மெம்கேஷ்டு சர்வர்களை வைத்து கிட்ஹப் தளத்தை நொடிக்கு 1.35 டெராபிட் அளவில் தாக்கினார்கள். சர்வர்களின் சொந்தக்காரர்களுக்கு விஷயமே தெரியாது. ரெடிஸும் விதிவிலக்கல்ல. அதன் லுவா பகுதியில் 13 வருடமாக இருந்த ஓட்டை 2025 அக்டோபரில்தான் வெளியே வந்தது. அதனால் அப்டேட் முக்கியம்.

உரிமப் பிரச்சினையும் உண்டு. 2024 மார்ச்சில் ரெடிஸ் நிறுவனம் தன் திறந்த உரிமத்தை மாற்றியது. உடனே பலர் பிரிந்து, லினக்ஸ் ஃபவுண்டேஷன் நிழலில் 'வால்கீ' என்று தொடங்கினார்கள். 2025 மே மாதம் ரெடிஸ் 8 மறுபடி ஒரு திறந்த உரிமத்தோடு வந்தது. மேலே சொன்ன அமைப்புகள் வால்கீக்கும் பொருந்தும்.

கடைசியில் நான் செய்தது இதுதான். சித்தியின் கணக்கு டிஸ்க்கில் எழுதும் மை எஸ்.க்யூ.எல்.லில். யார் உள்ளே நுழைந்திருக்கிறார்கள், முகப்பில் காட்டும் மொத்தம் எவ்வளவு என்பவை மட்டும் ரெடிஸில். போனால் திரும்பக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ரயில்வே செய்ததும் இதே பிரிவினைதான். நீள நோட்டைச் சித்தி இன்னும் விடவில்லை. நானும் விடச் சொல்லவில்லை.

நீங்களும் நிறுவினால், உண்மையான தகவல் ஏற்றும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஏதாவது ஒரு பெயரை எழுதி, சில நொடி கழித்து பிளக்கைப் பிடுங்குங்கள். ஷட்டவுன் செய்தால் செல்லாது, போகும்போது சேமித்துவிட்டுத்தான் போகும். மறுபடி ஆன் செய்து அந்தப் பெயரைக் கேளுங்கள். சிட்டை இல்லாமல் ஒருமுறை, சிட்டையோடு ஒருமுறை. என் மெஷினில் முதல் தடவை பதில் காலி, இரண்டாம் தடவை பெயர் வந்தது.