கோழிய யாரு பாக்குறது?

அம்மாவைச் சென்னைக்கு வரச் சொல்லும் என் போன் பேச்சு எல்லாமே ஒரே வரியில்தான் முடியும்.

"அதெல்லாம் சரிடா. கோழிய யாரு பாக்குறது?"

2019 ஐப்பசியில் அப்பா இறந்தார். காரியம் முடிந்த கையோடு அம்மாவை மேடவாக்கத்தில் இருக்கும் என் ஃபிளாட்டுக்குக் கூட்டி வந்தேன். மூன்றாவது மாடி. லிஃப்ட் உண்டு, இருபத்து நான்கு மணி நேரமும் தண்ணீர் உண்டு, பால்கனியில் துளசித் தொட்டியும் உண்டு. இரண்டு மாதம் தாக்குப்பிடித்தாள். தை பிறந்ததும் பஸ் ஏறிவிட்டாள். கிளம்பும்போது காரணம் கேட்டேன். "விடிஞ்சா எதுக்கு எந்திரிக்கணும்னே தெரியலடா" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

கோழி என்பது ஒரு சாக்கு என்றுதான் நம்பினேன். எட்டுப் பெட்டை, ஒரு சேவல். மொத்தமாக விற்றால் என் ஒரு மாத இன்டர்நெட், மின்சார பில்லுக்குக் காணும். இதற்காக ஒரு மனுஷி தனியாக ஒரு ஓட்டு வீட்டில் கிடப்பாளா?

2020 ஜூனில் இ-பாஸ் வாங்கி, லேப்டாப்போடு அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். 'வொர்க் ஃப்ரம் ஹோம்' என்பது வெளியில் சொன்ன காரணம். எல்லாம் அடங்கியதும் அம்மாவைக் கையோடு கூட்டி வந்துவிடுவது என்பது உள்ளே இருந்த திட்டம்.

வீட்டில் சிக்னல் கிடைத்த ஒரே இடம் பின்கட்டுத் திண்ணை. அப்பாவின் பழைய மேசையை அங்கே இழுத்துப் போட்டேன். அப்படித்தான் ஒன்பது கோழிகளும் என் ஆபீசுக்குள் வந்தன, அல்லது நான் அவற்றின் ஆபீசுக்குள் போனேன். முதல் வாரமே ஒரு கிளையன்ட் காலில் நான் ம்யூட் எடுத்த நொடியில் சேவல் கூவியது. எதிர்முனையில் ஒரு நிமிட அமைதி. பிறகு யாரோ சிரித்தார்கள். அதன் பிறகு ஒவ்வொரு மீட்டிங்கிலும் சேவலை நலம் விசாரிக்க ஆரம்பித்தார்கள். என்னை அப்படி விசாரித்ததில்லை.

கோழிகளுக்குப் பெயர் வைத்தேன். எல்லாவற்றையும் முதலில் கொத்திப் பார்ப்பவள் டெஸ்டர். எதற்கும் அவசரப்படாத பெரிய செவலை மேனேஜர். அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். முறத்தில் குருணை புடைத்துக்கொண்டிருந்தவள் நிமிரவே இல்லை. "பேரு வச்சா அறுக்க முடியாதுடா."

ஆனால் அவளும் பெயர் வைத்துத்தான் இருந்தாள். அதைப் பெயர் என்று அவள் நினைக்கவில்லை, அவ்வளவுதான். மெத்தை வீட்டிலிருந்து முட்டைக்கு மாற்றாக வந்த கறுப்புக் கோழி மெத்தைவீட்டா. சித்தி பந்தல்குடியிலிருந்து பையில் போட்டுக் கொண்டுவந்த சாம்பல் நிறத்தாள் பந்தல்குடியா. எங்கள் பக்கம் வாக்கப்பட்டு வந்த பெண்களையும் இப்படித்தான் கூப்பிடுவார்கள். பிறந்த ஊர்தான் பெயர். அம்மாவுக்கே தெருவில் காரியாபட்டியா என்றுதான் பெயர். அவள் ரேஷன் கார்டில் வேறு ஒரு அழகான பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டவர் அப்பா ஒருவர்தான்.

கோழிகளின் ஒரு நாள் என்ன என்பதை நான் கோடு எழுதுவதற்கு நடுநடுவே தெரிந்துகொண்டேன். விடிந்ததும் கூண்டுக் கதவைத் திறந்தால் பெரிய செவலை முதலில் வருவாள். மற்றவர்கள் ஓடி வருவார்கள். அவள் மட்டும் நடந்து வருவாள். கம்பு இறைத்த இடத்தில் அவள் தலையை வைத்ததும் மற்றவர்கள் ஒரு சாண் தள்ளிக்கொள்வார்கள். அவளுக்கு அடுத்தது மெத்தைவீட்டா. சரியான திருடி. அடுப்படிக்குள் புகுந்து அரிசிப் பானையின் மூடியைத் தள்ளத் தெரியும். ஒருமுறை என் லேப்டாப் பைக்குள் முட்டையிட்டாள். மொட்டைக் கழுத்திக்குக் காய்ந்த இலை விழுந்தாலும் பயம். கடைசி இடம் பந்தல்குடியாளுக்கு. எல்லோரும் அவளைக் கொத்துவார்கள், அவள் யாரையும் கொத்த மாட்டாள். சாயங்காலம் கூண்டுக்குள் இடம் கொடுக்காமல் விரட்டுவார்கள். அவள் முருங்கை மரத்தில் ஏறிக்கொள்வாள். அம்மா ஒன்றிரண்டு தடவை பிடித்து உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "அவ பாட்டுக்கு இருக்கட்டும்" என்று விட்டுவிட்டாள்.

இந்தக் கொத்து வரிசையை உலகத்துக்கு எழுதிக் காட்டியவர் தோர்லைஃப் ஷெல்டெருப்-எப்பெ என்கிற நார்வேக்காரர். சின்னப் பையனாக இருந்தபோதே கோழிகளைப் பார்த்து யார் யாரைக் கொத்துகிறார்கள் என்று குறிப்பெழுத ஆரம்பித்தவர். 1920களின் தொடக்கத்தில் அதை ஆய்வாகவே வெளியிட்டார். இன்று அலுவலக அரசியலைப் பற்றிப் பேசும்போது நாம் சொல்லும் 'பெக்கிங் ஆர்டர்' அவருடைய கோழி முற்றத்திலிருந்து வந்ததுதான். வரிசை எப்போதும் நேர்கோடாக இருப்பதில்லை என்றும் அவர் கண்டார். அ ஆவைக் கொத்தும், ஆ இயைக் கொத்தும், இ திரும்பி வந்து அவைக் கொத்தும். இதை அம்மாவிடம் சொன்னபோது, "நம்ம தெரு மாதிரியே" என்றாள்.

நான் எக்செலில் ஒரு ஷீட் போட்டேன். தேதி, கோழி, முட்டையிட்ட நேரம். சில வாரம் கழித்து ஒரு உண்மை கிடைத்தது: ஒரே கோழி நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகத் தாமதமாக முட்டையிடுகிறது, பிறகு ஒரு நாள் விட்டுவிட்டு மறுபடி காலையில் தொடங்குகிறது. தேடிப் படித்தேன். ஒரு முட்டை உருவாக ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகிறது. அதில் பெரும்பகுதி ஓடு கட்டுவதற்கே போகிறது. நாளுக்கு 24 மணி நேரம்தான் என்பதால் கோழியின் கடிகாரம் பின்தங்கிக்கொண்டே போகும்.

பெரிய கண்டுபிடிப்புப் போல அம்மாவைக் கூப்பிட்டு மறுநாளுக்கான கணிப்பைக் காட்டினேன். மறுநாள் காலை அவள் கூண்டு வாசலில் உட்கார்ந்து, வெளியே வந்த ஒவ்வொரு பெட்டையையும் பிடித்து, பின்பக்கம் விரலை வைத்துப் பார்த்து விட்டாள். "இவளுக்கு இருக்கு. இவளுக்கு இல்ல. இவளுக்கு இருக்கு." முட்டை இருக்கிறவளைப் பஞ்சாரத்தில் கவிழ்த்தாள். மூன்று பேர். மதியத்துக்குள் மூன்று முட்டை. என் ஷீட் இரண்டு என்று சொல்லியிருந்தது.

அடுப்படியில் இருந்தபடியே வெளியில் என்ன நடக்கிறது என்றும் அவளுக்குத் தெரியும். வானத்தில் பருந்து தெரிந்தால் சேவல் மெல்லிசாக, இழுத்து ஒரு சத்தம் கொடுக்கும். எல்லாம் செடிக்கடியில் பதுங்கும். பூனையோ கீரியோ வந்தால் அது வேறு சத்தம், கெக் கெக்கென்று விட்டு விட்டு, ஊரையே கூட்டுகிற மாதிரி. இந்த இரண்டும் வேறு வேறு என்பதை விஞ்ஞானிகள் ஒலிப்பதிவு போட்டு நிரூபித்திருக்கிறார்கள். அம்மா முதல் சத்தத்துக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு வெளியே வருவாள், இரண்டாவதற்குக் கம்போடு வருவாள். ஒருநாளும் மாற்றி வந்ததில்லை. கரையானைக் கண்டால் சேவல் தான் தின்னாமல் பெட்டைகளைக் கூப்பிடும் சத்தம் இன்னொன்று. சில நேரம் ஒன்றுமே இல்லாமலும் கூப்பிடும். "உங்கப்பா மாதிரி" என்பாள்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்தாலும், மாமா வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை முட்டை வற்றிப்போன பழைய கோழி ஒன்றைப் பிடித்து, தலையைத் தடவிவிட்டு, தானே அறுத்தாள். நான் டெஸ்டர் என்று பெயர் வைத்தவள் அவள். குழம்பு ருசியாக இருந்தது. பெயரை நினைத்துக்கொண்டே சாப்பிட்டேன். அம்மா சொன்னது சரி என்று தெரிந்தது, ஆனாலும் சாப்பிட்டேன்.

இனி நான் செய்தது.

கோழிக்கழிச்சல் என்று ஒரு நோய். எங்கள் ஊரில் வெறுமனே சீக்கு என்பார்கள். இங்கிலீஷில் ராணிக்கேட். இந்தியாவில் முதலில் அடையாளம் கண்ட மலை ஊரின் பெயர் அப்படியே நோய்க்கு ஒட்டிக்கொண்டது. வைரஸ். வந்துவிட்டால் மருந்து கிடையாது. வராமல் தடுக்க ஊசி இருக்கிறது. மாசி பிறக்கும் சமயத்தில் கால்நடைத் துறைக்காரர்கள் ஊர் ஊராக முகாம் போட்டு இலவசமாகவே போடுவார்கள். 2021 பிப்ரவரியில் எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். கோழிகளைப் பிடித்து வைக்கும் பொறுப்பை நான் கேட்டு வாங்கியிருந்தேன். முதல் நாள் சாயங்காலமே கூண்டை அடைத்து வைத்தால் போதும், காலையில் திறக்கக் கூடாது. அன்று எனக்கு ரிலீஸ். ராத்திரி இரண்டு மணி வரை கால். காலையில் தூக்கக் கலக்கத்தில் எப்போதும் போல் கூண்டைத் திறந்து விட்டுவிட்டேன். அம்மா ரேஷன் கடையில் இருந்தாள். அவர்கள் வந்தபோது கோழிகள் காட்டுப் பக்கம் போயிருந்தன. காத்திருக்க முடியாது, மருந்து ஐஸ் டப்பாவுக்குள் இருக்கிறது, கரைத்தால் சில மணி நேரத்துக்குள் போட்டுவிட வேண்டும். "டவுன்ல கால்நடை மருந்தகத்துல கேட்டு வாங்கிக்கங்க தம்பி" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அம்மாவிடம் சனிக்கிழமை போகிறேன் என்றேன். அந்தச் சனிக்கிழமை போகவில்லை, அதற்கடுத்த சனிக்கிழமையும் போகவில்லை. அவள் இரண்டு தடவை கேட்டாள். மூன்றாவது தடவை கேட்கவில்லை. என் வேலையைக் கெடுக்கக் கூடாதென்று நினைத்திருப்பாள்.

பங்குனி வெயிலில் மொட்டைக் கழுத்தி ஒருநாள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்தாள். அம்மா சின்ன வெங்காயமும் மிளகும் மஞ்சளும் அரைத்து உருட்டி ஊட்டினாள். ஊட்டும்போதே அவள் முகத்தில் தெரிந்தது. மறுநாள் மூன்று கோழி. அதற்கு மறுநாள் சேவலுக்குக் கழுத்து முறுக்கிக்கொண்டது, வானத்தைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் நடந்தான். மெத்தைவீட்டா அடுப்படி வாசல்வரை வந்து படியேற முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். பெரிய செவலை கடைசிவரை நின்றுகொண்டே இருந்தாள். ஆறு நாள். நான் கொல்லையில் குழி வெட்டினேன், அம்மா ஒவ்வொன்றாக வைத்துச் சுண்ணாம்பு போட்டாள்.

பெரிய செவலையைப் புதைத்த அன்று சாயங்காலம் அவள் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தாள். கொல்லையில் ஒரு சத்தம் இல்லை. ஆறுதலாக ஏதோ சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். வந்தது இது:

"சரிம்மா. இனிமே சென்னைக்கு வரலாம்ல?"

அவள் கையைச் சேலையில் துடைத்தாள். கோபப்படவில்லை.

"அப்பா காரியத்தன்னைக்கும் இதே மாதிரிதான் கேட்ட" என்றாள்.

நான் எழுதிய மோசமான கோடுகளை எல்லாம் ரோல்பேக் செய்திருக்கிறேன். இந்த வாக்கியத்தை என்ன செய்வதென்று இன்றுவரை தெரியவில்லை.

அன்று கோழி அடையும் நேரத்தில் முருங்கை மரத்தில் சடசடவென்று சத்தம் கேட்டது. பந்தல்குடியா. கூண்டில் இடம் கொடுக்காமல் விரட்டப்பட்டவள் அவள் ஒருத்திதான் மிஞ்சியிருந்தாள். தனியாகத் தூங்கியதால் தப்பித்தாளா, அவள் உடம்பே அப்படியா என்று சொல்ல முடியாது. அம்மா மரத்தடியில் ரொம்ப நேரம் நின்றாள்.

மறுநாள் காலை நான் எழுந்தபோது அவள் கூண்டை எரித்துக்கொண்டிருந்தாள். தரையைச் சுரண்டிச் சுண்ணாம்பு தெளித்தாள். மாதக்கணக்கில் எந்தக் கோழியையும் உள்ளே விடவில்லை. ஆடியில் பந்தல்குடியா அடைக்கு உட்கார்ந்தாள். அம்மா தெருவில் நாலு வீட்டில் கேட்டு, சேவலோடு திரியும் கோழிகள் இட்ட முட்டையாகப் பார்த்து, பதினொன்று வாங்கி வந்தாள். மணல் பரப்பிய கூடையில் வைத்தாள். வெவ்வேறு நாளில் இட்ட முட்டைகள் எல்லாம் எப்படி ஒரே சமயத்தில் பொரிக்கும் என்று கேட்டேன். "அவ உக்காந்தாத்தான் உயிரு ஓட ஆரம்பிக்கும்" என்றாள். அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. சூடு படும்வரை கரு காத்திருக்கும்.

இருபத்தொரு நாள். பந்தல்குடியா இரை தின்ன மட்டும் எழுந்து வருவாள். இருபதாம் நாள் அம்மா ஒரு முட்டையை எடுத்து என் காதில் வைத்தாள். உள்ளே கீச்சென்று ஒரு சத்தம். இரண்டு கூமுட்டை போக ஒன்பது குஞ்சு. யாரையும் கொத்தாதவள் என்று நான் சொன்ன பந்தல்குடியா, குஞ்சைப் பார்க்கக் குனிந்த என் கையைக் கொத்தி ரத்தம் பார்த்தாள். அடுத்த வாரம் பக்கத்து வீட்டு நாயை வேலி வரைக்கும் துரத்தினாள்.

புதுசாக வேறு வீட்டிலிருந்து ஒரு விடைக்கோழி வாங்கியபோது அம்மா அதைப் பகலில் விடவில்லை. இருட்டிய பிறகு மற்றவை தூங்கும்போது மெதுவாகக் கூண்டுக்குள் வைத்தாள். "பகல்ல விட்டா கொத்தியே கொன்னுருவாளுக. ராத்திரி வச்சா விடியும்போது கூடவே இருந்த மாதிரி இருக்கும்." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "அப்பவும் ரெண்டு கொத்து வாங்கித்தான் ஆகணும். நான் வாங்காததா?"

வாக்கப்பட்டு வந்த வீட்டில் அவள் கடைசியிலிருந்து தொடங்கியவள். மாமியார், மூன்று நாத்தனார், தெரு. கொல்லைக்கும் கிணற்றடிக்கும் அவளே பொறுப்பு என்று ஆக முப்பது வருஷம் ஆனது. மூன்றாவது மாடியில் அவளுக்கு நான் கொடுக்க நினைத்தது மறுபடியும் முதல் நாள்.

நான் 2022-ல் மேடவாக்கத்துக்குத் திரும்பிவிட்டேன். ஆபீஸ் கூப்பிட்டது. அம்மாவுக்கு முட்டி வலி கூடியிருக்கிறது. ராத்திரி போன் எடுக்கத் தாமதமானால் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அந்தப் பயத்துக்குத் தீர்வு கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் கூட்டிவரத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அந்தக் கேள்வியை இப்போது நான் கேட்பதில்லை. ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரியில் இரண்டு நாள் லீவு போடுகிறேன். ஆபீசில் காரணம் கேட்டால் குடும்ப வேலை என்று எழுதுகிறேன்.

போன வாரம் பேசும்போது பந்தல்குடியா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். கிழவியாகிவிட்டாளாம், முட்டை நின்று ஒரு வருஷம் ஆகிறதாம். "அப்ப அறுக்கலையா?" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பின்னால் கோழிகள் அடையும் சத்தம் மட்டும் கேட்டது.

"அது கெடக்குது" என்றாள். "நீ வரும்போது அந்த ஐஸ் டப்பாவ எடுத்துட்டு வா. போன வருஷம் மறந்து அங்கயே கொண்டு போயிட்ட."